சென்டரில் வசனம் கேட்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

முதலாளி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம்? தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது இது. மே மாதம் வரை பக்கமெல்லாம் வெள்ளையாகவே கிடக்கிறது.

விஷயம் இதுதான். நான் ஆபரேட்டராக இருக்கிற அன்னபாக்கியம் தியேட்டரில் சவுண்டு சரியில்லை. புராசஸரை மாற்றுங்கள் என்று பொங்கலில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாளி தங்கேஸ்வரனுக்கு அது காதில் ஏறவே மாட்டேனென்கிறது. இன்று காலை மறுபடி சொன்னதற்கு, "சும்மா சரியில்ல, சரியில்லன்னா எப்படி அண்ணாச்சி? தினமும் என்ன கோளாறுன்னு எழுதி வைங்க. பாத்துட்டு முடிவெடுப்போம்" என்றார். அவர் அப்பா காலத்தில் இப்படியெல்லாம் கேள்வி கிடையாது. "பொன்னுத்துரை சொன்னா சரிதான்" என்பார் பெரியவர். கதை முடிந்தது.

சரி, கோளாறை எழுதுகிறேன். படத்தோடு வருகிற சத்தத்தைப் பிரித்து, இன்ன ஸ்பீக்கருக்கு இன்னது என்று அனுப்புகிற பெட்டிதான் புராசஸர். பாட்டு இடது வலதில் போகும். இடி, மழை எல்லாம் பக்கச் சுவரில். வசனம் மட்டும் திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கிற சென்டர் ஸ்பீக்கருக்கு. அந்த நடுதான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறது. ஆள் பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறான் என்பது தெரியவில்லை. வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. கீச்சுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ட்ரெபிளைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்து வருகிறேன். எத்தனை நாளைக்கு?

ஜூன் 4, புதன்

பகல் காட்சி. அம்மாவும் மகனும் பேசுகிற சீன் முழுக்க முணுமுணுப்பு. வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

கேன்டீன் சீனித்தாய் டீ கொண்டுவந்தாள். "என்ன அண்ணே, ஒங்க ரூம்புக்குள்ள குருவி கிருவி பூந்திருக்கா? கீக் கீக்குன்னு கத்துதே" என்றாள். குருவியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மிக்ஸி பக்கத்தில் நிற்கிறவள் காதில் என்னதான் கேட்காது.

ஜூன் 6, வெள்ளி

புதுப் படம். வசனம் எழுதியவன் கொடுத்துவைக்காதவன். ஒரு வரி வெளியே வரவில்லை. ஆனால் ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். பழக்கதோஷம்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் செவ்வந்தி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில் கூப்பிடுவாள். கல்யாணமாகித் திண்டுக்கல் போனதிலிருந்து இது மாறியதில்லை. அவள் அம்மா போன பிறகு எனக்கென்று வருகிற போன் அது ஒன்றுதான்.

இந்த போனும் ஒரு டப்பா. ரூமுக்குள் மெஷின் காற்றாடி இரைச்சல் வேறு. அவள் நிறைய நேரம் பேசினாள். நான் 'ம்' கொட்டினேன். போன வாரம் புது வாஷிங் மெஷின் ஆட்டம் போடுகிறது என்று சொல்லியிருந்தாள். அதைப் பற்றித்தான் இருக்கும். "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். பழகிரும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஏதோ கேட்டாள், மறுபடியும் கேட்டாள். மாலைக் காட்சிக்கு மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "சரிம்மா. அங்கயே நல்லபடியா இரு. மாப்பிள்ளய கேட்டேன்னு சொல்லு."

லைன் கட்டாகிவிட்டது. திண்டுக்கல்லில் டவரே சரியில்லை.

ஜூன் 11, புதன்

ஒருவழியாக முதலாளி இறங்கி வந்தார். "சரி அண்ணாச்சி, வாங்குறதா இருந்தா எத வாங்கலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். மதுரையிலிருந்து கிளமென்ட் என்கிற இன்ஜினியர் காரோடு வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல பையன். முதலாளியும் கூட வர, தியேட்டர் தியேட்டராகப் போய், அங்கங்கே ஓடுகிற புராசஸரைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு.

முதல் தியேட்டர் விருதுநகரில். வெளிநாட்டுப் பெட்டி, பெரிய பேர். உட்கார்ந்து கேட்டேன். அதே வெற்றிலை வாய். "இது வேண்டாம்" என்றேன். கிளமென்ட், "சார், இந்த மாவட்டத்துலயே நல்லா இருக்கிற ஆடிட்டோரியம் இது" என்றார். பேரைக் கேட்டுப் பயந்துவிடுகிற ஆளா நான்?

இரண்டாவது, கோவில்பட்டியில் பெங்களூர்க்காரன் செய்த பெட்டி. அதுவும் ஆகவில்லை. மூன்றாவதாக ஒரு பழைய தியேட்டர். அங்கே கூட்டம் இருந்ததால் முன் வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஸ்பீக்கர் நேராக முகத்தில் அடிக்கிற இடம். அங்கே கேட்டது பாருங்கள் வசனம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. "இதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

கிளமென்ட் தலையைச் சொறிந்தார். "சார், இது மத்த ரெண்டையும் விட பழைய மாடல். முன்னால உக்காந்ததுனால அப்படித் தோணியிருக்கலாம். எதுக்கும் மீட்டர் வச்சு ஒருதடவ பாத்துருவமே."

"நாம டிக்கெட் மீட்டருக்கா விக்கிறோம்? காதுக்குத்தான விக்கிறோம்" என்றேன். முதலாளி சிரித்தார். கிளமென்ட்டும் சிரித்தார். பெட்டி முடிவாகிவிட்டது. திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

சீனித்தாய் மறுபடியும் குருவி என்றாள். போய் வடையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

செவ்வந்தி போன் செய்யவில்லை. அதற்குப் பதில் வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பியிருக்கிறாள். அமுக்கிக் கேட்டேன். ஈ பறக்கிற மாதிரி ஏதோ இரைந்தது. மறுபடி போட்டேன், அப்படியேதான். காட்சி நேரத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வழக்கம்போல் கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தேன். அவளும் பார்த்துவிட்டாள், இரண்டு கோடும் நீலமாகிவிட்டது.

போன் கடையில் காட்டினேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறதாம். இப்படிப்பட்டவனெல்லாம் கடை போட்டு உட்கார்ந்தால் உருப்படுமா.

ஜூன் 16, திங்கள்

மாலைக் காட்சியில் ஒரு ஆள் நேராக ரூமுக்கே ஏறி வந்துவிட்டான். கைக்குழந்தைக்காரன். "என்னங்க, காதுக்குள்ள ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்கு. புள்ள வீல்வீல்னு அழுவுது. கொஞ்சம் கொறைங்க" என்றான். அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவ்வளவும் புரிந்தது.

"படம்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். புள்ளைய ஏன் கூட்டியாரீக" என்றேன். அவன் இறங்கிப் போனான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தையின் இரண்டு காதையும் அவள் சேலையால் மூடியிருந்தாள்.

வசனமே கேட்காத தியேட்டரில் ஊசி குத்துகிறதாம்.

ஜூன் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேட்னி நடுவில் கரண்ட் போனது. அது தினமும் போவதுதான். ஜெனரேட்டர் ஓடுகிறவரை புராசஸரை யு.பி.எஸ். தாங்க வேண்டும். தாங்கவில்லை. ஜெனரேட்டர் வந்ததும் குப்பென்று ஒரு அடி. பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கருகிய வாசனை. திரையில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கீழே ஒரே விசில், கூச்சல். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து எல்லாரையும் அனுப்பினார்கள்.

முதலாளி மேலே வந்தார். கிளமென்ட்டுக்கு போன் போட்டு விவரம் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேட்டரி வீக்கானா யு.பி.எஸ். அலாரம் அடிக்குமாம்ல அண்ணாச்சி? நாள்கணக்கா அடிச்சிருக்கணுங்கிறாரு."

"அடிக்கவே இல்ல மொதலாளி. அலாரமும் கெட்டுப் போயிருக்கும்" என்றேன்.

வாசலில் நின்ற சீனித்தாய் வாயைத் திறந்தாள். "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே. குருவி கணக்கா..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி யு.பி.எஸ். பக்கம் குனிந்து, அதிலிருக்கிற டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். அமுக்கியபடியே நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். சீனித்தாயும் பார்த்தாள். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? அடிக்கலேல்ல?" என்றேன்.

முதலாளி விரலை எடுத்தார். இறங்கிப் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

தியேட்டர் பூட்டு. ஸ்க்ரூக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

போன் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. நான் தேர்ந்தெடுத்த மாடல் இல்லை. முதலில் விருதுநகரில் பார்த்தோமே, அந்த வெளிநாட்டுப் பெட்டி. "கிளமென்ட் சொன்னாரு, இதுதான் நம்ம ஹாலுக்குப் பொருந்தும்னு" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல். பழையதைக் கழற்றுவது மட்டும் என் வேலை. ஒயர் ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, இடது, வலது, நடு என்று எழுதிக் கழற்றினேன். இதிலாவது யாரும் குறை சொல்ல முடியாது.

பழைய பெட்டி தரையில் கிடக்கிறது. இத்தனை மாதமாக இதைத்தான் திட்டினேன்.

ஜூன் 26, வியாழன்

கிளமென்ட் வந்து புதுசை மாட்டினார். ஹாலில் அங்கங்கே சீட்டுகளுக்கு நடுவில் மைக் நட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சர்ரென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தத்தை விட்டார். அது லேப்டாப்பில் கோடாக விழுந்தது. புதுப் பெட்டியில் எதையும் திருகும் முன்னே, ஆம்ப்ளிஃபயரில் இருந்த பழைய அளவுகளோடு ஒரு தடவை போட்டுப் பார்த்தார். கனத்த சத்தத்துக்கான இடது பக்கம் ஒழுங்காகப் போன கோடு, கீச்சுச் சத்தத்துக்கான வலது ஓரம் வரவர மேலே மேலே ஏறிக் கூரையில் முட்டியது.

"இத யாரு ட்யூன் பண்ணது சார்?"

"நாந்தான். வசனம் கேக்கலன்னு கூட்டி வச்சேன்."

கிளமென்ட் எல்லாவற்றையும் இறக்கினார், கோட்டை நேராக்கினார். பிறகு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்றார். எனக்கு யாரோ தலையணையைக் காதில் வைத்து அமுக்கின மாதிரி இருந்தது. "என்னங்க இது, சென்டரே இல்லையே. ஒண்ணும் கேக்கலையே" என்று கத்தினேன். கத்தினேன் என்பது எல்லாரும் திரும்பியதில்தான் தெரிந்தது.

கிளமென்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், கடைசியா ஒரு டெஸ்ட் இருக்கு. எல்லா ஹால்லயும் பண்றதுதான். விசில் மாதிரி ஒரு சத்தம் கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே போகும். கேக்குற வரைக்கும் கைய தூக்கி வச்சுக்கோங்க. எங்கயாவது ஸ்பீக்கர் அதிருதான்னு பாக்கத்தான்."

ஸ்பீக்கருக்காக என்று அவர் சொன்னது என் மரியாதைக்காக. அது எனக்கு இப்போது புரிகிறது.

கூட்டிக்கொண்டிருந்த சீனித்தாயும் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள். முதலாளியும் கிளமென்ட்டும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஊதல் ஏறியது. ஏறிக்கொண்டே வந்தது, பிறகு நின்றுவிட்டது. கையைக் கீழே போட்டேன்.

அவர்கள் மூன்று பேர் கையும் மேலேதான் இருந்தது.

விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக. சிரிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. சீனித்தாய் இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது அவளுக்கு. எனக்கு ஹால் சும்மா கிடந்தது. அவர்கள் கையை இறக்கவே இல்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

என் காது போய்விட்டது. எழுதிவிட்டேன். பெட்டிக்கு ஒன்றும் இல்லை. சென்டர் ஸ்பீக்கருக்கு ஒன்றும் இல்லை. நல்ல சத்தத்தைக் கெடுத்து, பச்சைப் பிள்ளை காதில் ஊசி குத்தி, கத்திக் கத்திச் சொன்ன அலாரத்தைக் கேட்காமல் பெட்டியைச் சாக விட்டு, ஒரு தியேட்டரையே பூட்ட வைத்தது நான்தான். இந்த ஊரில் சவுண்டு என்றால் பொன்னுத்துரை என்று பெயர்.

ஜூன் 27, வெள்ளி

புதுப் பெட்டியில் முதல் காட்சி. ஹவுஸ்புல். போகும்போது இரண்டு பேர் முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சவுண்டு பிரமாதம் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வசனமும் எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போன் வரவில்லை.

காலையிலிருந்து ஒரே யோசனை. சென்டரில் கேட்காதது சென்டரின் கோளாறு இல்லை என்றால், போனில் கேட்காததும் போனின் கோளாறு இல்லை. அப்படியானால் அன்றைக்கு செவ்வந்தி என்ன சொன்னாள்? வாஷிங் மெஷின் என்று நான் எதை வைத்து முடிவு கட்டினேன்? ஒரு வாஷிங் மெஷினைப் பற்றி யாராவது அவ்வளவு நேரம் பேசுவார்களா? நான் பழகிரும் என்றதும் ஏன் பேச்சை நிறுத்தினாள்? இரண்டு தடவை என்னத்தைக் கேட்டாள்?

அவள் நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஏதோ ஒரு குரல், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. "செவ்வந்தி, செவ்வந்தி" என்றேன். வைத்துவிட்டார்கள்.

அந்த வாய்ஸ் இன்னும் போனில் இருக்கிறது. பத்துத் தடவை போட்டிருப்பேன். ஈதான் பறக்கிறது. யாரிடமாவது கொடுத்துக் கேட்கச் சொல்லலாம். என் மகள் எனக்குச் சொன்னதை ரோட்டில் போகிறவன் கேட்டு எனக்குச் சொல்வதா?

புதுப் பெட்டியில் இடைவேளைப் பாட்டுக்கு ஒரு லைன் இருக்கிறது. போனைச் சொருகலாம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் பெருக்குகிறவர்கள் வருமுன் தியேட்டரைத் திறந்தேன். சீனித்தாய் மட்டும் அடுப்பு பற்றவைக்க வந்திருந்தாள். அவளைத்தான் மேலே கூட்டிப் போனேன். போனை இடைவேளை லைனில் மாட்டி, அந்த லைனின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன மிக்ஸரில் ட்ரெபிளைத் திருகுகிற மட்டும் திருகி, வால்யூமையும் ஏற்றிவைத்தேன். "நான் கீழ போயி கைய காட்டுனதும் இத அமுக்கு தாயி. அமுக்கிட்டுக் காதப் பொத்திக்க" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மேடை ஏறித் திரையோரமாகக் கையை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்து, சென்டர் ஸ்பீக்கரின் வாயில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் தூசி தட்டத்தான் அங்கே போயிருக்கிறேன்.

கேட்டது. என் மகள் குரல் கேட்டது. மாதக்கணக்காக நான் அவள் குரலைக் கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்பா, நாந்தான். போன்ல அழுக வந்துரும்னு இதுல பேசுதேன். போன வாரம் சொன்னது ஒங்களுக்குக் கோவமான்னு தெரியல. அவரு கை நீட்டுறது இப்பத் தெனமும்னு ஆயிருச்சுப்பா. அத்தைக்கும் தெரியும். நான் அங்க வந்துரட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டேன். பழகிரும், அங்கயே நல்லபடியா இருன்னுட்டீங்க. அம்மா இருந்தா அப்படிச் சொல்லிருக்க மாட்டா. பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன்ப்பா. வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கெளம்பி வந்துருதேன். வேண்டாம்னா அதையும் சொல்லிருங்க. இனிமே இதப்பத்தி ஒங்கள்ட்ட பேச மாட்டேன்."

அதற்கு நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பீக்கர் மரத்தில் தலையை இடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று தெரியாது. சீனித்தாய் வந்து தோளைத் தொட்டாள். அவள் முகமெல்லாம் ஈரம். வெற்று ஹால் முழுக்க என் மகள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டதை அவளும் கேட்டிருக்கிறாள்.

"எந்திரிங்க அண்ணே. பஸ்ஸப் பிடிங்க" என்றாள், என் முகத்துக்கு நேரே வந்து.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று திண்டுக்கல் போய் வந்ததை இன்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மாள் கதவைத் திறந்து, "வாங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு அங்கேயே சுவரோரம் நின்றுகொண்டார். செவ்வந்தி உள்ளிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். இந்த வெயிலில் முழுக்கை வைத்த நைட்டி. கண்ணுக்குக் கீழே ஒரு மஞ்சள் தடம், பழைய காயம் ஆறுகிற நிறம்.

"கெளம்பும்மா. பைய எடு. அப்பா கூட்டிப் போக வந்திருக்கேன்" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவள் அம்மா மாதிரி மெல்லிய குரல். உதட்டைப் பார்த்தேன், பிடிபடவில்லை. இவ்வளவு நாள் செய்தது போல 'சரி' என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"எனக்குக் காது கேக்கலம்மா" என்றேன். "நீ பேசுனது எதுவும் கேக்கல. போன்ல சொன்னதும் கேக்கல, வாய்ஸும் கேக்கல. கேட்டிருந்தா ஒங்கப்பன் அப்படிச் சொல்லுவானா? நேத்து வரைக்கும் எனக்கே தெரியாதும்மா."

நேற்று வரைக்கும் தெரியாது என்றது பொய். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். தெரிந்துதான் இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். நம்புகிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போனில் எத்தனை வாரம் 'சரிம்மா, நல்லதும்மா' என்று பதில் சொன்னவன். கேட்காதவன் எப்படிப் பதில் சொன்னான் என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கத்தானே செய்வாள். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக் காட்டினாள். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. சம்பந்தியம்மாள் சுவரை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அதனால என்னம்மா? புள்ளையோட வா. நான் பாத்துக்கிடுதேன். வாம்மா" என்று அவள் கையைப் பிடித்தேன். முழங்கைக்கு மேலே என் விரல் பட்டதும் வலியில் சுருங்கினாள். விட்டுவிட்டேன்.

சீனித்தாய் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். "என்னைக்குனாலும் இந்த நம்பருக்குச் சொல்லு. அவ கேட்டு எனக்குச் சொல்லுவா. அந்த நிமிசமே வந்துருவேன்" என்று உள்ளங்கையில் வைத்தேன். அதை மடித்து வைத்துக்கொண்டாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, என் காதில் வாயை வைத்தாள். அவள் மூச்சு சூடாகப் பட்டது. எனக்குக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னாள்.

"பழகிருச்சுப்பா."

ஒரு எழுத்து பாக்கியில்லாமல் தெளிவாகக் கேட்டது.

ஜூலை 3, வியாழன்

ஆபரேட்டர் ரூமுக்கு விருதுநகரிலிருந்து வேறு ஆள் வருகிறார். நானே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "கேட்டுல நின்னு டிக்கெட் கிழிங்க அண்ணாச்சி, எங்கயும் போக வேண்டாம்" என்று என் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். நல்ல மனுஷன். மதுரையில் காது டாக்டர் இருக்கிறார், மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்று கிளமென்ட் எழுதி அனுப்பியிருக்கிறார். போக வேண்டும். யாருக்காகக் கேட்க என்றுதான் இருக்கிறது.

கோளாறு எழுதச் சொன்ன டைரி. சவுண்டில் கோளாறு எதுவும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

மேட்னி விட்டதும் கேட்டைச் சாத்திவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். சீனித்தாய் தன் போனை முறுக்குப் பாட்டிலுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். டீ கொடுத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நடுவில் ஒருதடவை அது வெளிச்சம் போட்டது. எழுந்துவிட்டேன். அவள் எடுத்துப் பார்த்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கம்பெனி விளம்பரம்.

பிறகு அவள் என் முழங்கையைத் தொட்டாள். "பெல் அடிச்சிருச்சு அண்ணே. கேட்டத் தெறக்கணும்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. போய்த் திறந்தேன்.

மாலைக் காட்சி தொடங்கியதும் திரும்பி வந்து கேட்டேன். போன் அடிக்கவே இல்லை என்றாள். சீனித்தாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவளுக்கு நல்ல காது.